இரண்டு மின்தடைகளும் ஒரு கம்பியும்

பேஸ்மேக்கர் என்றதும் நமக்கு நினைவு வருவது, நெஞ்சுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் புடைத்துக்கொண்டிருக்கும் கருவிதான். ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் மாற்றுவார்கள். ஆனால் இதே குடும்பத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு உறுப்பினர் உண்டு. திறந்த இதய அறுவை சிகிச்சை முடிந்து ஐ.சி.யு.வுக்கு வரும் நோயாளிகள் பலருக்கு, மார்பெலும்புக்குக் கீழே தோலைத் துளைத்துக்கொண்டு மெல்லிய கம்பிகள் வெளியே வந்திருக்கும். அவை கட்டில் ஓரம் தொங்கும் ஒரு சிறு பெட்டியில் போய்ச் சேரும். எல்லாம் நல்லபடியாகப் போனால், சில நாட்களில் அந்தக் கம்பிகளை மெதுவாக இழுத்து உருவிவிடுவார்கள். அத்தோடு அதன் வேலை முடிந்தது.

இந்தத் தற்காலிகப் பேஸ்மேக்கரை, நிரந்தரக் கருவிக்கு ஏதோ ஒரு மலிவு மாற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. குறிப்புகள் சேர்க்கத் தொடங்கியபோது வரிசை தலைகீழாக இருந்தது. இன்று உலகெங்கும் விற்கும் நிரந்தரப் பேஸ்மேக்கர்களின் தொழிலே, சில நாள் தாங்கினால் போதும் என்று குழந்தைகளுக்காகச் செய்த ஒரு கம்பியிலிருந்தும் ஒரு பெட்டியிலிருந்தும்தான் பெருமளவு வளர்ந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எந்த பிளாக்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் "ஹார்ட்ல பிளாக் இருக்காம்" என்றால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டர்கள் 'ஹார்ட் பிளாக்' என்று சொல்வது வேறு. அது குழாய் அடைப்பு இல்லை; மின்தடை.

இதயத்தின் மேலறையில் இருக்கும் சைனஸ் முடிச்சு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின் சமிக்ஞையைக் கிளப்புகிறது. அது மேலறைகளைத் தாண்டி, நடுவில் ஒரு முடிச்சில் சற்றே தயங்கி, ஒரு மெல்லிய நார்க்கற்றை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. அந்தக் கற்றையை 1893-ல் விவரித்தவர் வில்ஹெல்ம் ஹிஸ். அதனால் ஹிஸ் கற்றை என்று பெயர். அதற்கு மேலே இருக்கும் முடிச்சை 1906-ல் விளக்கியவர் ஜப்பானியரான சுனாவோ தவாரா. மேலே இருந்து கீழே போக இயல்பாக உள்ள வழி இது ஒன்றுதான். வழி அறுந்தால் மேலறை தன் பாட்டுக்குத் துடிக்கும். கீழறை சமிக்ஞை வராமல் சற்றுத் தடுமாறி, பிறகு தானாகவே நிமிடத்துக்கு 30, 40 என்று மந்தமாகத் துடிக்கப் பார்க்கும். பெரியவர்களே அதில் மயங்கி விழுவார்கள். நிமிடத்துக்கு நூறுக்கு மேல் துடித்தாக வேண்டிய ஒரு கைக்குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இன்னொரு விஷயம். பிறவியிலேயே சில குழந்தைகளுக்கு இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகளில் பெரும்பாலானவை எங்கே அமைகின்றன தெரியுமா? கிட்டத்தட்ட ஹிஸ் கற்றை போகும் பாதையின் ஓரத்திலேயே. ஓட்டையை அடைக்கத் தையல் போடும் ஊசிக்கும், அந்தக் கற்றைக்கும் இடையே சில மில்லிமீட்டர் தூரம்தான். கற்றை கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தசையைப் போலவே இருக்கும்.

மினியாபொலிஸ், 1954

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் சி. வால்டன் லில்லஹை என்ற அறுவை மருத்துவர் 1954 மார்ச் 26 அன்று, ஒரு வயதுக் குழந்தையின் இதயத்தைத் திறந்து அந்த ஓட்டையை அடைத்தார். அப்போது அவரிடம் செயற்கை இதய-நுரையீரல் இயந்திரம் கிடையாது. குழந்தையின் ரத்தக் குழாய்களைத் தந்தையின் ரத்தக் குழாய்களோடு இணைத்துவிட்டார். அறுவை நடக்கும்போது தந்தையின் இதயமும் நுரையீரலும் இருவருக்கும் சேர்த்து வேலை செய்தன. குழந்தை அறுவையைத் தாங்கியது. ஆனால் 11 நாள் கழித்து நிமோனியாவில் இறந்துபோனது. லில்லஹை நிறுத்தவில்லை. இதே முறையில் மொத்தம் 45 அறுவைகள். அதில் 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். அதுவரை சாவு நிச்சயம் என்று கைவிடப்பட்ட நோய்கள் இவை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் வெற்றியோடு கூடவே ஒரு புதுச் சாவும் வந்தது. ஓட்டை சரியாக அடைக்கப்பட்டிருக்கும், ரத்தக்கசிவு இருக்காது, ஆனால் இதயம் மந்தமாகத் துடித்து, ஓரிரு நாளில் நின்றுவிடும். ஏறத்தாழ பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்ந்தது. ஆரம்பத்தில் இப்படி மின்தடை வந்த குழந்தைகள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்றே சொல்லலாம். இதில் கொடுமை, அது நோயால் வந்ததில்லை. காப்பாற்றப் போட்ட தையலால் வந்தது. லில்லஹைக்கும் அது தெரியும்.

இன்னொன்றும் தெரிந்தது. எல்லாக் குழந்தைக்கும் கற்றை அறுந்தே போயிருக்க வேண்டியதில்லை. சிலருக்குத் தையலைச் சுற்றிய வீக்கத்தால் அது நசுங்கியிருக்கும். வீக்கம் வடிந்தால் பாதை மறுபடி திறக்கும். தேவைப்பட்டது, அந்த நாட்களைக் கடத்த ஒரு வழி மட்டுமே.

இருந்த வழிகள்

வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஐசோப்ரெனலின் என்ற மருந்து இருந்தது. அது இதயத்தைச் சற்று வேகமாகத் துடிக்க வைக்கும். அதனால் சில குழந்தைகள் தப்பித்தன. ஆனால் நாள்கணக்கில் நம்பியிருக்க முடியாது.

பாஸ்டனில் பால் ஸோல் என்ற மருத்துவர் 1952-ல் ஒரு கருவியைக் காட்டியிருந்தார். நெஞ்சின் மேல் இரண்டு மின்முனைகளை வைத்து வெளியிலிருந்தே ஷாக் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைப்பது. பெரிய சாதனைதான், நின்ற இதயத்தை மின்சாரத்தால் மறுபடி ஓட்ட முடியும் என்று மருத்துவ உலகத்தை நம்ப வைத்தவர் அவர்தான். ஆனால் தோல், தசை, எலும்பு எல்லாவற்றையும் தாண்டி இதயத்தை எட்ட வேண்டுமே! அதற்கு 50 முதல் 150 வோல்ட் வரை தேவைப்பட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் நெஞ்சுத் தசை முழுதும் வெட்டியிழுக்கும். தோல் புண்ணாகும். நிமிடத்துக்கு நூறு ஷாக் என்று ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு நாள் முழுதும் கொடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே பெரியவர்களுக்கு முடியாத காரியம்.

தவளைப் பாடம்

திருப்பம் ஒரு மரணத்தைப் பற்றிய கூட்டத்தில் வந்தது. மருத்துவமனைகளில், இறந்த நோயாளியின் விவரத்தை எல்லோரும் உட்கார்ந்து அலசும் வழக்கம் உண்டு. 1956-ல் அப்படி ஒரு கூட்டத்தில், ஹார்ட் பிளாக்கால் போன ஒரு குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே இருந்த ஜாக் ஜான்சன் என்ற உடலியங்கியல் பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது, தவளையின் இதயத்தை ஒரு ஸ்டிமுலேட்டரில் இணைத்துத் துடிக்க வைப்போமே, அதையே இங்கே செய்து பார்த்தால் என்ன?

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தூசு படிந்து கிடக்கும் சாமான். இதயத்தின் மேல் நேரடியாகக் கம்பி வைத்தால் சில வோல்ட்டே போதும். அறுவை மேசையில் இதயம் ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. கம்பி வைக்க அதைவிட நல்ல சமயம் ஏது?

லில்லஹையின் குழுவிலிருந்த இளம் மருத்துவர்கள் வின்சென்ட் காட், வில்லியம் வைரிக் இருவரும் நாய்களில் சோதித்தார்கள். வேண்டுமென்றே ஹிஸ் கற்றையைக் கட்டி மின்தடை உண்டாக்கி, பிறகு கீழறைச் சுவரில் கம்பி செருகிப் பார்த்தார்கள். இதயம் சொன்னபடி கேட்டது.

1957 ஜனவரி 30. மூன்று வயதுப் பெண் குழந்தை. நீலக்குழந்தை என்று சொல்லப்படும் வகையில் ஒரு பிறவி இதய நோய். அறுவையின்போது மின்தடை வந்துவிட்டது. லில்லஹை ஒரு பின்னல் எஃகுக் கம்பியின் நுனியைக் கீழறைச் சுவரில் பொருத்தி, மறுமுனையை மார்புக்கு வெளியே கொண்டுவந்து ஸ்டிமுலேட்டரில் இணைத்தார். சுற்று முழுமையாக இன்னொரு முனையைத் தோலுக்கு அடியில் வைத்தார். இதயத் துடிப்பு ஏறியது, குழந்தை பிழைத்தது. கற்றை தேறித் தானாகத் துடிக்கத் தொடங்கியதும் கம்பியைச் சும்மா இழுத்தால் வெளியே வந்துவிடும். மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் கீல் இருக்கும் இடம் இதுதான். பேட்டரியும் பெட்டியும் பிற்பாடு வந்தவை. இதயத்தைத் தொடும் கம்பி, அதை உருவி எடுக்கும் வசதி, இந்த இரண்டும் சேர்ந்த நாள் 1957 ஜனவரி 30.

இரண்டாவது மின்தடை

ஸ்டிமுலேட்டர் என்பது வால்வுகள் வைத்த, ரேடியோப் பெட்டி அளவுச் சாமான். தள்ளுவண்டியில் வைத்துச் சுவர் பிளக்கில் செருக வேண்டும். குழந்தை தேறி எழுந்து உட்கார்ந்தாலும், ஒயர் எட்டும் தூரம்தான் அதன் உலகம். எக்ஸ்ரே எடுக்க வேறு இடம் போகவேண்டுமென்றால் தாழ்வாரம் நெடுக, படிக்கட்டு வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுப்பார்கள். ஒரு குழந்தையின் துடிப்பு, யாரோ ஒருவர் கால் தடுக்கினால் கழன்றுவிடும் பிளக்கை நம்பியிருந்தது.

1957 அக்டோபர் 31, ஹாலோவீன் நாள். மினியாபொலிஸ் பகுதியில் கரண்ட் போனது, வர மணிக்கணக்காயிற்று. அறுவை அரங்குக்கும், அறுவை முடிந்தவர்களை வைத்துப் பார்க்கும் அறைக்கும் மருத்துவமனையில் மாற்று மின்சாரம் இருந்தது. மற்ற நோயாளிகளின் அறைகளுக்கு இல்லை. அந்த இரவில் ஒரு குழந்தையை இழந்தார்கள் என்று ஏர்ல் பாக்கன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மறுநாளே லில்லஹை அவரிடம் கேட்டார்: பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஒன்று செய்து தர முடியுமா?

கரண்ட் கட் என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு, இந்தக் கேள்விக்கு விளக்கவுரை தேவையில்லை.

எட்டு டாலர் கம்பெனி

யார் இந்தப் பாக்கன்? அப்போது மருத்துவமனைக் கருவிகள் ரிப்பேராகிவிட்டால் கூப்பிடும் ஆள். சின்ன வயதில் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படம் பார்த்து, மின்சாரத்துக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பில் கிறங்கிப்போனவர். 1949-ல் தன் உறவினர் பால்மர் ஹெர்மன்ஸ்லியோடு ஒரு கராஜில் கடை போட்டார். முதல் மாத வருமானம் எட்டு டாலர். கடைக்கு வைத்த பெயர் மெட்ரானிக்.

பாக்கனுக்கு முதலில் தோன்றிய யோசனை: ஒரு கார் பேட்டரியை வைத்து, அதிலிருந்து வரும் மின்சாரத்தை இன்வெர்ட்டரால் வீட்டு மின்சாரமாக மாற்றி, பழைய ஸ்டிமுலேட்டரையே ஓட்டுவது. பிறகு யோசித்தார். இதயத்துக்குத் தேவையோ சில வோல்ட். அதற்குப் போய் 115 வோல்ட்டை உண்டாக்கி, மறுபடி இறக்குவானேன்?

அப்போதுதான் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையின் 1956 ஏப்ரல் இதழில் படித்த ஒரு சர்க்யூட் ஞாபகம் வந்தது. இரண்டு டிரான்சிஸ்டர்களை வைத்துச் செய்யக்கூடிய மெட்ரோனோம், அதாவது இசை பழகுகிறவர்களுக்குத் தாளம் தட்டிக் காட்டும் கருவி. தாளம் தட்டும் வேகம் இதயத் துடிப்பின் வேகத்தை ஒத்ததுதான். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, அந்தத் துடிப்பைக் கம்பிக்கு அனுப்பினால் போதும். 9.4 வோல்ட் மெர்க்குரி பேட்டரி. நாலு அங்குலச் சதுரமும் ஒன்றரை அங்குலக் கனமும் கொண்ட அலுமினியப் பெட்டி. வேகத்துக்கும் மின்சார அளவுக்கும் குமிழ்கள். நான்கே வாரத்தில் செய்து முடித்தார்.

பெட்டியை விலங்கு ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார். நாயிடம் சோதித்தார்கள், வேலை செய்தது. மறுநாள் வேறு ஏதோ வேலையாக மருத்துவமனைக்கு வந்த பாக்கன், ஒரு குழந்தையின் உடலோடு தன் பெட்டி இணைந்திருப்பதைப் பார்த்து அதிர்ந்துபோனார். அது சோதனைக்காகச் செய்த முதல் மாதிரி. மனிதருக்கு என்று செய்ததே இல்லை. ஆய்வுக்கூடத்தில் விசாரித்தேன், வேலை செய்கிறது என்றார்கள், இருப்பதைப் பயன்படுத்தாமல் இன்னொரு குழந்தையைச் சாகவிட மாட்டேன் என்பதுதான் லில்லஹை தந்த பதிலின் சாரம்.

இது சரியா? நான் இதில் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். இன்று இப்படி ஒரு கருவியை யாராவது மாட்டினால் உரிமம் பறிபோகும், போகவும் வேண்டும். கருவிகளுக்கு முன்னனுமதி கேட்கும் சட்டம் அமெரிக்காவில் வந்ததே 1976-ல்தான். அவசரத்தில் மாட்டிய எல்லாப் பெட்டியும் இந்தப் பெட்டிபோல வேலை செய்யாது. வேலை செய்யாதவற்றின் கதையை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. மறுபக்கம், அந்தக் குழந்தைக்கு இருந்த மாற்று என்ன? எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய சுவர் மின்சாரம். ஆபத்தில்லாத வழி ஒன்று இருந்து, அதை விட்டுவிட்டு லில்லஹை இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பதற்றத்தை ஒதுக்கிவிட்டு இதற்குத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை.

கடைக்கு வந்த மாடலுக்கு 5800 என்று பெயர். துடிப்புக்குத் துடிப்பு மின்னும் ஒரு சிறு நியான் விளக்கு இருந்தது. பெட்டி ஓடுகிறதா என்று நர்ஸ்கள் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். குமிழ்களைப் பெட்டிக்குள் சற்றே பள்ளத்தில் இறக்கியிருந்தார்கள். காரணம் எளிது: தேறிய குழந்தைகள் சும்மா இருக்காமல் அதைத் திருக ஆரம்பித்துவிட்டன!

ஏன் தற்காலிகம் முக்கியம்?

இதே காலத்தில் நிரந்தரக் கருவிக்கும் முயற்சி நடந்தது. 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆகே சென்னிங், ரூனே எல்ம்க்விஸ்ட் இருவரும் அர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதல் பேஸ்மேக்கரை வைத்தார்கள். அது சில மணி நேரத்தில் நின்றுபோனது. லார்சன் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றிக்கொண்டு, தன்னைக் காப்பாற்றிய மருத்துவரும் பொறியாளரும் போன பிறகும் வாழ்ந்து, 2001-ல்தான் இறந்தார். உடலுக்குள் ஈரம் புகும், ஓயாத துடிப்பில் கம்பி முறியும், பேட்டரி தீரும். நிரந்தரம் என்பது அன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரிய ஆசை.

மினியாபொலிஸ்காரர்கள் கேட்டது சிறியது: சில நாள், மிஞ்சினால் சில வாரம். அவ்வளவு காலத்துக்கு அந்தக் கம்பி முறியாது. பேட்டரி தீர்ந்தாலும் பெட்டி வெளியில்தான் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். கேட்டது சிறியதாக இருந்ததால்தான் கையிலிருந்த சாமானே போதுமானதாக இருந்தது. ஆனால் சில குழந்தைகளின் கற்றை தேறவே இல்லை. கம்பியை எடுக்க முடியவில்லை. நாள் ஆக ஆக, கம்பி தொடும் இடத்தில் தழும்பு கட்டி, அதே துடிப்புக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டது. கம்பி தோலைத் துளைக்கும் இடம் கிருமிகளுக்கு வாசலானது. நல்ல மின்முனை வேண்டும், முழுதும் உள்ளேயே இருக்க வேண்டும் என்ற தேவைகளை இந்தத் தற்காலிகக் கருவியின் குறைகளே எழுப்பின. உள்ளே வைக்கும் கருவியை உருவாக்கிய வில்சன் கிரேட்பேட்ச், வில்லியம் சார்டாக் ஆகியோரிடமிருந்து 1960-ல் தயாரிப்பு உரிமம் வாங்கியது, அதே எட்டு டாலர் கம்பெனிதான்.

இன்றைக்கும் அதே கம்பி

அதன்பிறகு அறுவை மருத்துவர்கள் ஹிஸ் கற்றை எங்கே ஓடுகிறது என்று தெளிவாகக் கற்றுக்கொண்டார்கள். தையலை அதற்கு விலகிப் போடுகிறார்கள். பத்தில் ஒன்றாக இருந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் கம்பி போகவில்லை. வால்வு மாற்று, பைபாஸ் என்று பெரியவர்களின் அறுவைகளிலும், நெஞ்சை மூடும் முன் பலருக்கு முன்னெச்சரிக்கையாக வைக்கிறார்கள். வழக்கமாக மேலறைக் கம்பி மார்பெலும்பின் வலப்பக்கமும், கீழறைக் கம்பி இடப்பக்கமும் வெளிவரும். எது எது என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக.

இன்றைய பெட்டி 5800-ஐவிடப் புத்திசாலி. இதயம் தானாகத் துடித்தால் கவனித்துப் பேசாமல் இருக்கும். தவறவிட்டால் மட்டும் துடிப்புக் கொடுக்கும். ஆனாலும் ஆள் பார்க்க வேண்டிய வேலை நிறைய. எவ்வளவு குறைந்த மின்சாரத்துக்கு இதயம் பதில் சொல்கிறது என்று தினமும் பார்த்து, அதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். பெட்டியில் இணைக்காத கம்பி நுனிகளை மூடி வைக்க வேண்டும். அந்தக் கம்பி நேராக இதயத்துக்குப் போகும் வழி. நம் கைக்குத் தெரியாத அளவு மின்சாரம்கூட அதில் ஏறினால் விபரீதம்.

கடைசியில் கம்பியை உருவும் நாள். பல நோயாளிகள் பயப்படுவது இதற்குத்தான். பெரும்பாலும் ஒரு சின்ன இழுப்பு உணர்வோடு வந்துவிடும். அரிதாக அந்த இடத்தில் ரத்தம் கசிந்து இதயத்தைச் சுற்றித் தேங்கலாம். அதனால் எடுத்த பிறகு சற்று நேரம் படுக்கையிலேயே வைத்து, ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வர மறுத்தால் வம்பு செய்யாமல், தோல் மட்டத்தில் கத்தரித்து உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு. ஒரு வாரத்துக்கு மேலாகியும் கற்றை தேறவில்லை என்றால் நிரந்தரக் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

லில்லஹை 1999-ல் மறைந்தார். பாக்கன் 94 வயது வாழ்ந்து 2018-ல் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் நெஞ்சிலும் ஒரு பேஸ்மேக்கர் ஓடிக்கொண்டிருந்தது. தன் கராஜில் தொடங்கிய தொழில் தனக்கே உதவியதைப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது!

உங்கள் வீட்டில் யாருக்காவது இதய அறுவை நடந்து, கட்டில் ஓரம் அந்தப் பெட்டி தொங்குவதைப் பார்த்தால் பதற வேண்டாம். "இதயம் நின்னுபோச்சா?" என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. அங்கே இருக்கும் நர்ஸிடம், "இப்ப பெட்டி ஓட்டுதா, இதயமே ஓடுதா?" என்று கேளுங்கள், சொல்வார்கள். இதயமே ஓடுகிறது, பெட்டி காவலுக்கு நிற்கிறது என்று பதில் வந்தால், கம்பியை உருவும் நாள் நெருங்கிக்கொண்டிருக்கலாம்.